மூன்று நாள், ஒரே ஒரு ஆர்ச் – கடிதம்

வணக்கம்.

கட்டடக்கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் மூன்று நாள் செய்முறைப் பட்டறை நடத்துகிறோம். மண், மூங்கில், செங்கல், சுண்ணாம்பு, ஃபெரோசிமென்ட் (கம்பிவலையில் சிமென்ட் பூசுவது) என ஐந்தையும் தொட்டுக் காட்டிவிடுகிறோம். மாணவர்கள் உற்சாகமாகத்தான் வேலை செய்கிறார்கள். ஒரு மாதம் கழித்து ஜூரிக்கு (படங்களை மதிப்பிடும் குழுவுக்கு) வரும் செக்‌ஷனில் (கட்டடத்தை வெட்டிக் காட்டும் படத்தில்) சுவர் பழையபடி இரண்டு கோடுகளாக நிற்கிறது. லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் உத்தரம்) எதன்மேல் உட்காருகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பட்டறையில் கற்றது படத்துக்கு ஏன் வந்து சேரவில்லை? 30 மாணவர்கள், மூன்று நாட்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

மு.

அன்புள்ள மு.,

ஐந்தில் நான்கை விட்டுவிடுங்கள். ஒரு பொருளுக்கு அரை நாள் கொடுத்தால், கொத்தனார் செய்து காட்டியதை மாணவர் திருப்பிச் செய்வதற்கே நேரம் சரியாகிவிடும். தவறு செய்யவும், அது எங்கே தொடங்கியது என்று தேடவும், பிரித்துக் கட்டவும் இடமே இருக்காது. அதைவிட முக்கியம், உங்கள் பட்டறையில் கட்டுவதற்கு முன் யாரும் வரையவில்லை என்று நினைக்கிறேன். தான் போட்ட கோடு தளத்தில் தோற்பதை மாணவர் பார்த்தால்தான் அடுத்த கோட்டைக் கவனமாகப் போடுவார்.

செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 மீட்டர் அகலத்தில் ஓர் அரைவட்ட ஆர்ச். ஆறு பேருக்கு ஒன்று என்று ஐந்து ஆர்ச்.

முதல் நாள் காலை கலவையைத் தொடவே வேண்டாம். 20 செங்கற்களை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். 230 × 115 × 75 மி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உள்விளிம்பின் ஆரம் 600, வளைவின் நீளம் 1885 மி.மீ. உச்சியில் ஒரு கல் வர வேண்டும் என்பதால் ஒற்றைப்படை எண் தேவை. 23 கல் வைத்தால் கல்லுக்கு 82 மி.மீ. கிடைக்கும். அதாவது உள்ளே இணைப்பு (கற்களுக்கு நடுவே வரும் கலவை) 7 மி.மீ. வளையத்தின் கனம் 115 என்றால் வெளி ஆரம் 715. அங்கே அதே இணைப்பு ஏறக்குறைய 23 மி.மீ. ஆகிவிடும். இப்போது கல்லைத் திருப்பி, கனத்தை 230 ஆக்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வெளியே 38 மி.மீ. கலவை வரும். செதுக்காத கல்லில் ஆர்ச் கட்டும்போது 115 மி.மீ. கனமுள்ள அரைக்கல் வளையமாகவே கட்டுவது ஏன் என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடும். தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, சுவரில் அதே வளையத்தை முழு அளவில் தலைகீழாக வரைந்து, ஒரு சங்கிலியைத் தொங்கவிடுங்கள். தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்த வடிவில் ஆர்ச் நிற்கும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். சங்கிலியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் 115 மி.மீ. வளையத்துக்குள் அது அடங்கிவிடும். உள் ஆரத்தை மாற்றாமல் கனத்தை 60 ஆக்கி வரையுங்கள். எப்படித் தொங்கவிட்டாலும் எங்கேயாவது கோட்டைத் தாண்டும். அந்த ஆர்ச் தன் எடைக்கே நிற்காது. மாணவர்கள் தாங்களே சங்கிலியை இழுத்துப் பார்க்கட்டும், கால் மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

மதியம் சென்ட்ரிங், அதாவது ஆர்ச் தானாக நிற்கும்வரை அதைத் தாங்கும் தற்காலிக மரச் சட்டம். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் சறுக்கும். ப்ளைவுட்டை 600 ஆரத்துக்கு வெட்டி, அதன்மேல் 12 மி.மீ. கனமுள்ள மரப் பட்டிகளை அடித்துவிடுவார்கள், ஆரம் 612 ஆகிவிடும், முதல் கல்லே, ஆர்ச் உட்காரும் கால் சுவரோடு சேராது. வெட்ட வேண்டியது 588. படத்தில் பட்டியின் கனத்தைக் காட்டியிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது என்பதை அந்த இடத்திலேயே, அவர்கள் படத்தை விரித்து வைத்துக் காட்டுங்கள். சென்ட்ரிங்கின் அடியில் இரட்டை ஆப்பு (எதிரெதிராகச் செருகிய இரண்டு மர ஆப்புகள்) வேண்டும், அதில் ஆணி அடிக்கக் கூடாது. கால் சுவருக்கும் சென்ட்ரிங்குக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். ஈரத்தில் ப்ளைவுட் ஊதி இறுகிக்கொண்டால் பிறகு இறக்க முடியாது.

கால் சுவர் இரண்டு வரிசை உயரம் போதும். உச்சி ஒரு மீட்டருக்குள் இருந்தால் விழுந்தாலும் ஆபத்து குறைவு. ஓர் ஆர்ச்சுக்கு வளையத்துக்கு 23, கால்களுக்கு 16, உடைவதற்குச் சேர்த்து 45 கல் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் நாள் கட்டுமானம். கற்களைக் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சி, இணைப்பைப் பொடியாக்கிவிடும். கலவைக்கு மண் சாந்து, அல்லது ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். சுண்ணாம்பு என்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சிமென்ட் வேண்டவே வேண்டாம். அதன் பிடிப்பு தவறான வடிவத்தையும் நிற்க வைத்து மாணவரை ஏமாற்றும், கல்லையும் திரும்பப் பயன்படுத்த முடியாது.

பட்டிகளின் மேல் 82 மி.மீ.க்கு ஒரு கோடு போட்ட பிறகே முதல் கல்லை வைக்க வேண்டும். இணைப்புக்கு ஒரு மி.மீ. கூடினாலும் உச்சிக்குப் போகும்போது 22, 23 மி.மீ. சேர்ந்துவிடும்; 75 மி.மீ. கல்லுக்கு 60-க்கும் குறைவான இடம்தான் மிஞ்சும். இரண்டு பக்கமும் சமமாக ஏற வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் சென்ட்ரிங் சாயும். உச்சிக்கல் வைத்ததும், கலவை இளகியிருக்கும்போதே ஆப்பை இரண்டு மி.மீ. தளர்த்துங்கள். கற்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்துகொள்ளும். மறுநாள் முழுதாக இறக்கலாம்.

கொத்தனாரை உதவியாளராக அழைக்காதீர்கள். 1919-இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் பட்டறைகளில் வடிவத்துக்கு ஓர் ஆசிரியர், தொழிலுக்கு ஓர் ஆசிரியர் என்று இருவர் இருந்தார்கள். உங்கள் பட்டறையிலும் கொத்தனாரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்கட்டும், ஊதியமும் அதற்கேற்ப இருக்கட்டும். அவர் கரண்டியைக் கையில் எடுக்காமல், மாணவர் வேலையைப் பார்த்துக் குறை சொல்வதுதான் நமக்கு வேண்டியது.

மூன்றாம் நாள் பாரம் ஏற்றுங்கள், இதைத் தவறவிட வேண்டாம். வளையத்தின் எடையே ஏறக்குறைய 100 கிலோ இருக்கும், எனவே சுற்றிக் கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்துங்கள். அகலத்தின் கால்பகுதியில் கலவையால் சமமான மேடை ஒன்று அமைத்து, எடைபோட்ட மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக வையுங்கள். விரிசல் எங்கே வரும் என்று ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே சாக்பீஸால் குறிக்க வேண்டும். பலரும் பாரத்துக்கு அடியில் மட்டும் குறிப்பார்கள். அங்கே உள்விளிம்பு திறக்கும், சரிதான். எதிர்ப்பக்கத் தோளில் (உச்சிக்கும் காலுக்கும் நடுவே) வெளிவிளிம்பும் திறக்கும். இணைப்புகள் நான்கு இடத்தில் கீல்போலத் திரும்பினால் ஆர்ச் விழும். விரிசல் கண்ணுக்குத் தெரிந்ததும் மூட்டை வைப்பதை நிறுத்திவிடுங்கள். கால் சுவர் முன்னதாக வெளியே நகர்ந்தால், ஆர்ச் கால்களை வெளியே தள்ளும் பக்கவாட்டு உந்தலைக் குழு மறந்து வரைந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு ஆர்ச்சைப் பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கிவிட்டு, மதியம் முழுவதும் வரையட்டும். முதல் நாள் படத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து, 1:5 அளவில் அதே செக்‌ஷன்: ஒவ்வொரு கல்லும், 7-இல் தொடங்கி 23-இல் முடியும் இணைப்பும், 12 மி.மீ. பட்டியும், ஆப்பும், விரிசல் வந்த இடங்களும். மதிப்பெண்ணை இந்த இரண்டாவது தாளுக்கே கொடுங்கள். ஆர்ச் விழுந்த குழுவுக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வழி இருக்க வேண்டும்.