வரைபட மேசையில் எங்களுக்கும் ஓர் இடம்: கேள்வி பதில்

கட்டடங்களையும் சாலைகளையும் மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும் என்று நகராட்சிக்குச் சொல்வது அணுகல் ஆலோசனைக் குழு. அதில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவன் நான். சக்கர நாற்காலியில் இயங்குபவன். குழுவின் பணி பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் இங்கே.

ஐயா, நகராட்சியில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், கட்டட விதிகளும் இருக்கின்றன. தனியாக ஒரு குழு எதற்கு?

புதிதாகக் கட்டிய ஓர் அலுவலகத்தைப் பார்க்கப் போயிருந்தோம். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் ஏறி முடித்த இடத்தில் கதவு என் பக்கமாகத் திறந்தது. நின்று திரும்பச் சமதளம் கிடையாது. ஒரு கையால் கதவை இழுத்தேன், மறு கையால் சக்கரத்தைப் பிடித்தேன். நாற்காலி பின்னால் நழுவியது. உடன் வந்த பொறியாளர் பாய்ந்து பிடித்தார். வரைபடத்தில் அந்தக் கதவு ஒரு சிறு வளைகோடு மட்டுமே. எத்தனையோ முறை அதைப் பார்த்தவர்தான் அவர். அன்றுதான் அதன் பொருள் அவருக்கு விளங்கியது. கட்டுவதற்கு முன்பே எங்களில் ஒருவர் அந்த வரைபடத்தைப் பார்த்திருந்தால் கதவு வேறு பக்கம் திறந்திருக்கும்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகராட்சிகள் இப்படி ஒரு குழுவை அமைத்தாக வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். ஐ.நா. 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், தங்களைப் பற்றிய முடிவுகளில் மாற்றுத்திறனாளிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதில் சேர்ந்த அரசுகளைக் கட்டாயப்படுத்துகிறது.

என்னைப் போன்றவர்கள் மட்டும் நிறைந்த குழுவும் தவறு செய்யும். நடைபாதையின் விளிம்பைச் சாலை மட்டத்துக்கு இறக்குங்கள் என்று நான் கேட்பேன். வெண்கோலுடன் நடப்பவருக்கோ அந்த விளிம்புதான் சாலை தொடங்கும் அடையாளம். அதை எடுத்துவிட்டால் அவர் தெரியாமலே வண்டிகளுக்கு நடுவே போய்விடுவார். விளிம்பை இறக்கும் இடத்தில் புள்ளிகள் புடைத்த தரைக்கற்களைப் பதித்தால் இருவருக்கும் வழி பிறக்கும். 1967-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதலில் பதித்த கற்கள் இவை. காது கேளாதவர்களும் அறிவுசார் குறைபாடு உடையவர்களும் பேசத் தொடங்கினால், நாம் நினைத்தே பார்க்காத தடைகள் வெளிவரும்.

நான் நகர்மன்ற உறுப்பினர். குழு ஆலோசனைதானே சொல்ல முடியும்? நிர்வாகம் கேட்காவிட்டால்?

வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். ஒவ்வொரு பரிந்துரையையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏற்கிறோம் அல்லது ஏற்கவில்லை, இன்ன காரணம் என்று நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும் எனத் தீர்மானம் போடுங்கள். அதை நீங்கள்தான் செய்ய முடியும். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே வரைபடம் குழுவுக்கு வரட்டும். பிறகு இடித்துக் கட்டச் சொன்னால் பணம் இல்லை என்ற பதில்தான் வரும்.

உறுப்பினர்களுக்குப் பயணச் செலவு கேட்பது முறையா?

முறைதான், தயங்காமல் கேளுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளருக்கான செலவும் நகராட்சியுடையதே.

எங்கள் ஊரில் குழுவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது, அண்ணா?

பஸ் நிறுத்தத்திலிருந்து நகராட்சி அலுவலகம் வரை, ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. வெவ்வேறு குறைபாடு உள்ள நாலு பேர் சேர்ந்து போங்கள். அளவு நாடா கையில் இருக்கட்டும். எங்கே நின்றீர்கள், எங்கே பிறர் உதவி தேவைப்பட்டது என்று அங்கேயே குறித்து, படங்களுடன் மனுவாகக் கொடுங்கள். முடிந்தால் ஓர் அதிகாரியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அலுவலகத்துக்குள் போனதும் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கியிருந்தால் அதையும் படம் எடுத்து மனுவில் சேருங்கள்.