கச்சான் காற்றும் கடலுக்குப் போன ட்ரோனும்

போன முறை ட்ரோன் வாங்குவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடலில் விழுந்த கதை. திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், வேறு என்ன வரும்? எல்லாவற்றையும் போட இடமில்லை, ஆறை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணை, நிலாவெளியில் சின்ன விருந்தினர் விடுதி ஒன்று நடத்துகிறோம். ஜூலை மாதம் ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிபோல, கடல் பக்கமிருந்து விடுதியைப் படமெடுக்க டிஜேஐ மினி 3 ட்ரோனை அனுப்பினேன். போகும்போது அம்பு மாதிரிப் போனது. திரும்பும்போது முக்கி முக்கி வந்து, கரைக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது பற்றரி முடிந்து தானாகவே கடலில் இறங்கிவிட்டது. வாங்கி நாலு மாதம்தான். விற்ற கடையில் "தண்ணீரில் விழுந்தால் உத்தரவாதம் இல்லை" என்கிறார்கள். இது பொருளின் பிழை இல்லையா?

பதில்: தம்பி, கோபிக்காதீர்கள், இந்த முறை கடைக்காரர் சொன்னதுதான் சரி. உங்கள் ட்ரோனைக் கொண்டுபோனது கடல் இல்லை, கச்சான் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை, அதாவது உங்களுக்கு வெளிநாட்டு ஆட்கள் வருகிற அதே மாதங்களில், இந்தக் காற்று மேற்கே இருந்து தரையைத் தாண்டிக் கடல் பக்கம் அடிக்கும், பின்னேரத்தில் இன்னும் உரமாக. தரையிலிருந்து போகிற காற்று என்பதால் கரையோரத் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும், அதைப் பார்த்து "இன்றைக்குக் காற்றில்லை" என்று நினைத்துவிடுவோம். அலையைப் பார்க்காதீர்கள், தென்னோலையைப் பாருங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மினி 3 சாதாரண நிலையில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும். மேலே காற்று வினாடிக்கு 8 மீட்டர் என்று வையுங்கள். போகும்போது இரண்டும் சேர்ந்து 18 மீட்டர், 800 மீட்டர் தூரத்துக்கு 45 வினாடிகூட ஆகாது. திரும்பும்போது பத்தில் எட்டுப் போனால் மிச்சம் 2 மீட்டர். அதே 800 மீட்டருக்கு 400 வினாடி, கிட்டத்தட்ட ஏழு நிமிடம். காற்று இன்னும் இரண்டு மீட்டர் கூடினால் ட்ரோன் நின்ற இடத்திலேயே நின்று பற்றரியைத் தின்னும். ஸ்போர்ட் என்கிற அதிவேக நிலைக்கு மாற்றியிருந்தால் வேகம் 16, காற்று போக 8 மீட்டர் மிஞ்சும், 100 வினாடியில் கரை. இது தெரியாமல் "வீட்டுக்குத் திரும்பு" பொத்தானை அமத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம். அந்தப் பொத்தானுக்கு இன்னொரு குணமும் உண்டு. தூரத்தில் நிற்கிற ட்ரோன் முதலில் நீங்கள் வைத்த உயரத்துக்கு ஏறிவிட்டுத்தான் திரும்பும், மேலே ஏற ஏறக் காற்று கூடும். கடலுக்கு மேலே முட்டுவதற்கு மரமா இருக்கிறது? பொத்தானை நிறுத்தி, கையால் இருபது முப்பது மீட்டருக்கு இறக்கி, ஸ்போர்ட் நிலையில் கொண்டுவாருங்கள்.

எதிர்காற்றில் புறப்பட்டு, காற்றோடு திரும்பு என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல புத்தி, ஆனால் கச்சான் காலத்தில் நம் கரையில் நின்று கடலைப் படமெடுக்கிறவனுக்கு அது பொருந்தாது, இங்கே கடல் எப்போதும் காற்று போகிற பக்கம். அதனால் நான் வைத்திருக்கிற கணக்கு, பற்றரி 60 வீதத்தில் திரும்புவது. விடிய ஆறு மணிக்கு எடுத்தால் இன்னும் நல்லது, வெளிச்சமும் அப்போதுதான் அழகு.

கடைசியாக ஒன்று. பிழை பொருளில்தான் என்று நிச்சயமாக நினைத்தால், உங்கள் போனில் இருக்கிற பறப்புப் பதிவை அழித்துவிடாதீர்கள். வேகம், உயரம், பற்றரி, வந்த எச்சரிக்கைகள் எல்லாம் அதில் இருக்கும். மோட்டார் பிழை, பற்றரி திடீரென்று விழுந்தது மாதிரி ஏதாவது இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். கடை மறுத்தால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், பற்றுச்சீட்டு கையில் இருக்கவேண்டும். ஆனால் "பலத்த காற்று" என்று பதிவில் வரிசையாகக் கிடந்தால் அலையவேண்டாம்.

கேள்வி: கடலில் விழுந்த ட்ரோனைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டோம். அரிசிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: அரிசியைச் சமையுங்கள். உப்புத் தண்ணீரில் விழுந்த பொருளுக்குத் தண்ணீர் சின்ன எதிரி, உப்புதான் பெரிய எதிரி. தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு காயக் காய உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். பற்றரி உள்ளே இருக்கும் வரைக்கும் மின்சாரமும் உப்பும் சேர்ந்து செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் எடுத்த கையோடு பற்றரியைக் கழற்றுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று சுவிட்ச் போடவே கூடாது, அந்த ஆசையால் செத்தவைதான் அதிகம். கழற்றிய பற்றரியை வீட்டுக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ வைக்காமல் வெட்டவெளியில், மணலில் வைத்துத் தள்ளி நில்லுங்கள். உப்புத் தண்ணீர் குடித்த லித்தியம் பற்றரி மணித்தியாலங்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். காய்ந்த பிறகும் அதைத் திரும்பப் பாவிக்கக் கூடாது.

பிறகு ட்ரோனை நல்ல தண்ணீரில் அமிழ்த்தி எடுங்கள். ஆம், திரும்பவும் தண்ணீருக்குள்தான், நாலைந்து தரம், தண்ணீரை மாற்றி மாற்றி. திருகாணி கழற்றத் தெரிந்தவர் மூடியைத் திறந்து, 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலால் பலகையைக் கழுவவேண்டும். பாமசியில் கிடைக்கிற 70 வீதத்தில் மிச்சம் தண்ணீர்தான், அதை வாங்காதீர்கள். இரண்டு மூன்று நாள் மின்விசிறிக்கு முன்னால் காயட்டும்.

என்னுடையது ஒருமுறை உப்புவெளியில் விழுந்து, இரண்டாம் நாள் கரைவலையில் கீரிமீனோடு சேர்ந்து வந்தது. வலை இழுத்த ஐயா ஒருவர் ட்ரோனின் காலைப் பிடித்துத் தூக்கி, "இதென்ன தம்பி, நண்டா?" என்றார். மோட்டார் நாலும் கையால் சுழற்றச் சுழன்றன, அவை தண்ணீருக்கு லேசில் சாவதில்லை. ஆனால் கமரா கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பூப் பூத்திருந்தது, பலகையில் பச்சை. மெமரி அட்டையை மட்டும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் காயவிட்டுப் போட்டேன், ஒரு படம்கூடப் பழுதில்லை. இரண்டு நாள் கடலில் கிடந்த ட்ரோனிலிருந்து எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான்.

கேள்வி: தண்ணீரில் விழுந்தாலும் ட்ரோன் மிதக்க, மிதவைக் கால், தானாக ஊதும் பலூன் என்றெல்லாம் இணையத்தில் விற்கிறார்கள். கிண்ணியாவில் இருக்கிறேன், கல்யாண வீடியோ எடுக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: மிதவை ட்ரோனைக் காப்பாற்றாது, ட்ரோன் இருக்கிற இடத்தைக் காப்பாற்றும். இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றமில்லை. விழும்போது பெரும்பாலும் கவிழ்ந்துதான் விழும், மிதவைக் கால் மேலே நிற்க, உடம்பு தண்ணீருக்குள் தொங்கும். படம் மிஞ்சும், ட்ரோன் மிஞ்சுவது அதிர்ஷ்டம்.

நீங்கள் கிண்ணியாப் பாலத்துப் பக்கம், தம்பலகாமக் குடாவுக்கு மேலே பறக்கவிடுகிறீர்கள் என்றால் மிதவைக் கால் வாங்கலாம். அலை குறைவு, தோணி ஒன்று எப்போதும் கிட்ட இருக்கும். நிலாவெளிக் காற்றில் அதே கால் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும், பறக்கும் நேரத்தைக் குறைக்கும், திரும்ப வராமல் போவதற்கு அதுவே காரணமாகலாம். வாங்கும்போது அடிப்பக்கக் கமராவை மறைக்கிறதா என்று பாருங்கள். தாங்குமா என்று பார்க்க ஒரு வழி: ட்ரோனின் நிறைக்குச் சமமான மணலைப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் இறுக்கிக் கட்டி, மிதவையில் தொங்கவிட்டு வாளித் தண்ணீரில் போடுங்கள். மணலைத் தாங்கினால் ட்ரோனைத் தாங்கும்.

தானாக ஊதுகிறவை, உயிர்காப்பு அங்கியில் இருக்கிற அதே வித்தை: தண்ணீர் பட்டால் குளிசை ஒன்று கரையும், சிறிய வாயுக் குப்பி திறக்கும், பை ஊதும். நம் கடற்கரை ஈரத்தில் குளிசை சும்மா இருக்கும்போதே கரைந்து வெடிக்கிற தொல்லை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. தங்கூசியில், அதாவது மீன்பிடி நைலோன் நூலில், சின்ன மிதப்பைக் கட்டிச் சுற்றி ஒட்டிவிடுகிற வீட்டு வைத்தியமும் பார்த்திருக்கிறேன், ஆகாயத்தில் அவிழ்ந்து விசிறியில் சுற்றினால் நீங்களே விழுத்தியதாகிவிடும்.

தொழிலே தண்ணீருக்கு மேலே என்றால் ஸ்வெல்புரோ மாதிரித் தண்ணீர் புகாத, மிதக்கிற ட்ரோன்கள் இருக்கின்றன. கல்யாண வீட்டுக்கு அது அதிகம். அந்தக் காசில் மேலதிகமாக இரண்டு பற்றரி வாங்குங்கள், "இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்று கடைசிச் சொட்டு வரைக்கும் பறக்கவிடுகிற ஆசை அதோடு போய்விடும்.

இன்னொன்று, படத்துக்காகத் தண்ணீரோடு உரசிப் பறக்கவிடாதீர்கள். அடிப்பக்கக் கமரா தரையின் வடிவத்தைப் பார்த்துத்தான் இடத்தைப் பிடிக்கும். அசைகிற தண்ணீர் அதை ஏமாற்றும், ட்ரோன் தானாக நகரும், சில நேரம் கீழேயும் இறங்கும். நாலைந்து மீட்டராவது மேலே வையுங்கள்.

கேள்வி: விழுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சாவிக்கொத்துக்கு மாட்டுகிற மாதிரி ஜிபிஎஸ் கருவி ஒட்டினால் போதுமா?

பதில்: தண்ணீருக்கு மேலே மிதந்தால் மட்டும். உப்புத் தண்ணீருக்குள் அந்த வானொலி அலை போகாது, தாழ்ந்த அடுத்த நிமிடம் கருவி ஊமை. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

உங்களுக்குத் துணை போன்தான். செயலியில் கடைசி இடத்தின் அச்சரேகை, தீர்க்கரேகை இருக்கும், உடனே படமெடுத்து வையுங்கள். நின்ற இடத்திலிருந்து அசையாமல் கடலோடிகள் செய்கிற மாதிரி, விழுந்த இடத்துக்கு நேரே இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். செயலி பதிந்து வைத்த குறைந்த தர வீடியோவின் கடைசி வினாடிகளும் உதவும், எந்தப் பக்கம் பார்த்து விழுந்தது என்று தெரியும். தாழ்கிற ட்ரோன் அதிகம் தள்ளிப் போகாது, மிதக்கிற ட்ரோன்தான் கச்சானோடு வெளிக்கடலுக்குப் போகும்.

சுழியோடியைப் பிடிக்கும்போது எடுத்தால் இவ்வளவு, எடுக்காவிட்டால் படகுக்கும் எண்ணெய்க்கும் இவ்வளவு என்று கரையிலேயே பேசி முடியுங்கள். கோணேசர் மலையடி என்றால் யோசியுங்கள், அங்கே ஆழமும் பாறையும். 1956ல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்த அடியில்தான் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் மிச்சங்களைக் கண்டார்கள். முந்நூறு ஆண்டு கிடந்தது கிடைத்ததே என்பீர்கள். அது கல்.

கேள்வி: 249 கிராம் ட்ரோனுக்கு அனுமதி தேவையில்லை என்று விற்றவர் சொன்னார். புறாத்தீவுக்கு மேலே விடலாமா?

பதில்: விடாதீர்கள். 250 கிராமுக்குக் குறைந்தால் விதி தளரும் என்கிற கணக்கு அமெரிக்கா மாதிரி வெளிநாடுகளுடையது, இங்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிதான் செல்லும், அவர்களிடம் கேட்டுவிட்டு மேலே விடுங்கள். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கடற்படைத் தளம், சீனக்குடா விமானத் தளம், பிரட்ரிக் கோட்டைப் பக்கம் நினைத்தும் பார்க்காதீர்கள், அங்கே விழுந்தால் தேடப்போவது ட்ரோனை அல்ல.

கேள்வி: பழைய ட்ரோன் ஒன்று மலிவாக வருகிறது, "ஒரே ஒரு தரம் மழையில் நனைந்தது, மற்றபடி புதிது" என்கிறார். உற்பத்தியாளரின் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கலாமா?

பதில்: தங்கச்சி, டிஜேஐயின் அந்தத் திட்டத்தைப் பொதுவாக ட்ரோனை முதன்முதல் இயக்கிக் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுக்கவேண்டும், பழையதுக்குப் பெரும்பாலும் வாய்ப்பில்லை. புதிது வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன், வாங்கிய நாட்டோடு அது கட்டப்பட்டிருக்கும், இலங்கையிலிருந்து அனுப்பினால் ஏற்பார்களா என்று காசு கொடுக்க முன்னமே எழுத்தில் கேளுங்கள். தண்ணீர்ப் பழுதுக்கு உடைந்த ட்ரோனைத் திருப்பிக் கொடுத்தால்தான் மாற்றித் தருவார்கள், கடலடியில் கிடப்பதைக் கொடுக்க முடியாது. காணாமல் போனதற்கு வேறு பிரிவு, அதுவும் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மழைக் கதைக்கு வருவோம். வெயிலில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் திருகாணித் தலைகளைப் பாருங்கள், பற்றரி செருகுகிற இடத்துப் பற்களையும் பாருங்கள். பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் அந்த மழை உப்பு மழை. மோட்டார் ஒவ்வொன்றையும் விரலால் மெல்லச் சுழற்றுங்கள், ஒன்று மட்டும் மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் உள்ளே துரு. பிறகு பத்து நிமிடம் அந்தரத்தில் நிறுத்திக் கமரா நடுங்குகிறதா பாருங்கள். விற்பவர் செயலியில் தன் பெயரில் இருக்கிற கணக்கிலிருந்து ட்ரோனை விடுவித்துத் தரவேண்டும், அதை உங்கள் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள். "வீட்டுக்குப் போய்ச் செய்கிறேன்" என்றால் காசும் வீட்டுக்குப் போன பிறகு என்று சொல்லிவிடுங்கள்.