ஏற்காட்டில் நீர் கொதிக்கும் அளவு

மதிப்பிற்குரிய ஐயா,

ஏற்காடு மலையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினொரு ஆண்டுகளாக அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். சேலத்தில் கல்லூரிகள் நடத்திய ஒருநாள் ஆசிரியர் பயிலரங்குகளுக்கு மூன்று முறை போய்வந்தேன். முதல் பேருந்தில் மலையிறங்கி, நானோ தொழில்நுட்பம் பற்றி ஆங்கிலத்தில் உரைகள் கேட்டு, சான்றிதழ் வாங்கி, குழுப்படத்துக்கு நின்று, இருட்டிய பிறகு வீடு சேர்ந்தேன். மறுநாள் வகுப்பில் சொல்ல அதில் எதுவுமே இல்லை. “ஒருநாள் பாடம் போனதுதான் மிச்சம்” என்கிறார் தலைமையாசிரியர். சென்ற வாரம் வகுப்பில் நீரைக் கொதிக்கவைத்துக் காட்டினேன். வெப்பமானி 95 டிகிரியைத் தாண்டவில்லை. புத்தகத்தில் 100 என்று இருக்கிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். வெப்பமானி பழுது என்று சொல்லிவிட்டேன். இனியும் இந்தப் பயிலரங்குகளுக்குப் போவதில் பொருள் உண்டா?

— ஓர் ஆசிரியை, ஏற்காடு

அன்புள்ள ஆசிரியைக்கு,

போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த வெப்பமானியிலிருந்தே தொடங்குகிறேன். அது பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், அதை எதிர்த்து நீராவி குமிழியிட்டு வெளியேறக் குறைந்த வெப்பநிலையே போதுமாகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று கொதிநிலை இறங்கும் என்பதால், சேலத்தில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் நீர் உங்கள் ஊரில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பாடநூலில் உள்ள 100, கடல் மட்டத்துக் காற்றழுத்தத்துக்கு உரிய அளவு. ஐயம் இருந்தால் வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பாருங்கள். மலையானாலும் சமவெளியானாலும் அங்கே 0 காட்ட வேண்டும். குக்கர் இல்லாமல் மலையில் பருப்பு வேக நேரமாகும் என்பது அந்த மாணவியின் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நாளைக்கே அவளிடம், நீ கேட்டது சரியான கேள்வி என்று வகுப்பறிய சொல்லிவிடுங்கள்.

மூன்று பயிலரங்குகளில் ஒன்றிலாவது “உங்கள் வகுப்பில் எது சரியாக வரவில்லை?” என்று யாராவது கேட்டிருந்தால், இந்த 95 அன்றைக்கே மேசைக்கு வந்திருக்கும். என் வருத்தமெல்லாம் அதுதான். கல்லூரி ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எத்தனை நிகழ்ச்சிகள் நடத்தினோம், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கே கல்லூரியின் தர மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகிறது. ஒரே பள்ளிக்கு நான்கு முறை போய்வந்த பேராசிரியரின் உழைப்பைக் காட்ட அந்தக் கோப்பில் பத்தி இல்லை. அதனால்தான் ஒருநாள் உரைகள் பெருகுகின்றன.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்த காலத்தில், இப்படியொரு இரண்டு நாள் பயிலரங்கில் கருத்தாளராக இருந்தேன். அணு அமைப்பு பற்றிப் பேசத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். தேநீர் இடைவேளையில், சூரமங்கலம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று சங்ககிரிச் சுண்ணாம்புக்கல். மற்றது நம்மூர் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட். இரண்டும் கார்பனேட், கார்பனேட்டின்மேல் நீர்த்த அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும் என்று பாடநூல் சொல்கிறது. சுண்ணாம்புக்கல் பொங்குகிறது, வெள்ளைக்கல் ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்டார். அமிலம் வீரியம் இழந்திருக்கும் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அதே அமிலம் பக்கத்துக் கல்லில் பொங்கிக்கொண்டிருந்ததை அவர் எனக்குச் சுட்டிக்காட்டவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்று மாலை ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் அந்த வெள்ளைக்கல்லை உரலில் இடித்துப் பொடியாக்கி, சோதனைக்குழாயில் அமிலத்தோடு சேர்த்து மெல்லச் சூடாக்கினோம். முதலில் ஒன்றிரண்டு குமிழிகள் எழுந்தன. பிறகு குழாய் முழுவதும் நுரைத்தது. வெளிவந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தியதும் அது பால்போல் வெளுத்தது; கார்பனேட் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கு அதுவே அடையாளம். மேக்னசைட்டும் கார்பனேட்தான்; குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் அதன் வினை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். பொடியாக்கினால் பரப்பு கூடுகிறது, சூடாக்கினால் வேகம் கூடுகிறது. வேதிவினையின் வேகம் என்ற பாடம் முழுவதும் அந்த ஒரு கல்லுக்குள் இருந்தது. மறுநாள் அணு அமைப்பை ஒதுக்கிவிட்டு, வந்திருந்த அனைவரையும் கல் இடிக்க வைத்தோம். இந்த வெள்ளைக்கல் கிடைக்கும் சேலத்துக் குன்றுகளுக்கு வெள்ளைக்காரர்கள் சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்ற பொருளில் பெயரிட்டுவிட்டார்கள். அங்கே இருப்பது சுண்ணக்கட்டியே அல்ல என்பதை ஓர் ஆசிரியர் அந்த உரலடியில்தான் கண்டுகொண்டதாகச் சொன்னார்.

இது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். மாணவர்கள் செய்யப்போகும் சோதனைகளைக் கோடைப் பயிற்சியில் ஆசிரியர்கள் முதலில் தாங்களே செய்துபார்த்தார்கள். அதன்பின் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள்; அந்தப் பேச்சைக் கொண்டு பாடங்களே திருத்தி எழுதப்பட்டன. முப்பது ஆண்டுகள் நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அதில் நான் மிக உயர்வாக மதிப்பது அந்த மாதாந்திரக் கூட்டத்தைத்தான். பயிற்சியில் தெளிவாகத் தோன்றிய ஒன்று நாற்பது பிள்ளைகளின் நடுவே குழம்பும்போது, அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடமும் கேட்க ஆளும் ஆசிரியருக்குக் கட்டாயம் வேண்டும்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். தமிழ்வழியில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் மட்டும் உரை நிகழ்த்தினால், அதை வகுப்புக்குக் கொண்டுபோகும் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. பாடநூலில் உள்ள தமிழ்க் கலைச்சொற்களைப் பேராசிரியர் முந்தின நாள் இரவு ஒருமுறை புரட்டிக்கொண்டு வந்தாலே பாதிக் குறை தீரும்.

ஆகவே, போவதை நிறுத்தாதீர்கள் என்றே சொல்வேன். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். அழைப்பு வந்ததும் ஒருங்கிணைப்பாளருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, உங்கள் வகுப்பில் நின்றுபோன இரண்டு கேள்விகளைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். பயிலரங்கு முடிந்த ஒரு மாதத்துக்குள் அவர்களில் ஒருவர் உங்கள் பள்ளிக்கு வர முடியுமா என்றும் கேளுங்கள். நான் அறிந்தவரை, நேராகக் கேட்டால் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாணவிகளின் வரிசையில் உட்கார்ந்து ஒரு பாடவேளையைப் பார்த்த பேராசிரியர் அடுத்த ஆண்டு அதே உரையோடு வரமாட்டார். உங்கள் தலைமையாசிரியரிடமும் அந்த வருகையைக் காட்டித்தான் அடுத்த அனுமதி கேட்க முடியும்.

அவர்கள் வரும் நாளுக்கு ஒரு சோதனையும் சொல்கிறேன். அடிவாரப் பள்ளி ஒன்றின் ஆசிரியரோடு பேசிவைத்து, ஒரே நாளில் ஒரே நேரத்தில் இரு பள்ளிகளிலும் நீரைக் கொதிக்கவையுங்கள். அதற்கு முன் இரண்டு வெப்பமானிகளையும் ஒரே பனிக்கட்டியில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் எண்களை வாசிக்கும் வேலையை அந்தக் கேள்வி கேட்ட மாணவியிடம் கொடுங்கள். அடிவாரத்தில் என்ன எண் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.