முதலில் கோடு போடுங்கள், ஜெர்சி பிறகு

கேள்வி: யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு கரையோரக் கிராமத்து முன்பள்ளி ஆசிரியை நான். கடற்றொழில் செய்யும் குடும்பங்களும் மீள்குடியேறிய குடும்பங்களும் இருக்கும் இடம். சனசமூக நிலைய வளவில் 8 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் கிரிக்கெட் தொடங்கினோம். முதல் கிழமை 34 பேர் வந்தார்கள். இரண்டு மாதத்தில் 12 பெடியன்கள்தான் மிச்சம். கனடாவில் இருக்கும் மாமா ஜெர்சியும் புது மட்டையும் வாங்கக் காசு தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாமாவின் காசை விட்டுவிடவும் வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

வராமல் போன 22 பேரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவன் அடிக்க, ஒருவன் போட, மற்றவர்கள் வேலிக்கரையில் நிற்பார்கள். நன்றாக அடிக்கிறவன் அரை மணித்தியாலம் நின்று அடிப்பான். ஒன்பது வயதுப் பிள்ளை பின்னேரம் முழுக்க நின்று இரண்டு தரம் பந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும். அது ஏன் நாளைக்கும் வரப்போகிறது? ஜெர்சி வந்தால் ஜெர்சிக்காக ஒரு நாள் வரும், அவ்வளவுதான்.

நானும் இந்தப் பிழையை விட்டவன்தான். தீவுப்பக்கம் ஒரு கிராமத்தில் மூன்றாம் மாதமே கிண்ணம் வாங்கிச் சுற்றுப்போட்டி வைத்தேன். ஒரு ரன் அவுட் சரியா பிழையா என்று தொடங்கிய வாய்ச்சண்டையில், தகப்பன்மார் வேலிக் கதியாலைப் பிடுங்கும் மட்டும் போனார்கள். அடுத்த கிழமை நான் போனபோது திடலில் இரண்டு ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டு நின்றன.

பந்து தானாக ஒரு பிள்ளைக்கும் உதவாது. விளையாட்டை வைத்துப் பிள்ளைகளுக்கு உதவும் வேலையில் பெயர் எடுத்தவர்கள் ஆட்டத்தின் விதியிலேயே கை வைத்தார்கள். நைரோபியின் மதாரே சேரியில் 1987-இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், ஊர்க் குப்பையை அள்ளினாலும் அணிக்குப் புள்ளி உண்டு. கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் 1994-இல் அந்திரெஸ் எஸ்கோபார் என்ற உதைபந்தாட்ட வீரரைச் சுட்டுக் கொன்றார்கள். உலகக் கிண்ண ஆட்டத்தில் பந்து அவர் காலில் பட்டுச் சொந்தக் கோலுக்குள் போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு அந்த நகரத்துத் தெருக்களில் வேறொரு ஆட்டமுறை வந்தது. நடுவர் இல்லை. ஆணும் பெண்ணும் கலந்த அணிகள். ஒரு பெண்பிள்ளை முதல் கோலை அடிக்கும்வரை பெடியன்கள் அடிப்பது கணக்கில் சேராது. ‘அவளுக்குப் பந்தைக் கொடு’ என்று யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை, கொடுக்காவிட்டால் தோற்றுவிடுவார்கள். ஆடுமுன் விதியைக் கூடிப் பேசுவார்கள், ஆடியபின் யார் ஒழுங்காக ஆடினார்கள் என்று பேசி அதற்கும் புள்ளி போடுவார்கள்.

உங்கள் வளவுக்கு நான் சொல்வது கிளித்தட்டு. நீளப்பாட்டுக்கு ஒரு நடுக்கோடு, குறுக்கே நாலைந்து கோடு. ஒரு அணியினர் ஆளுக்கொரு கோட்டை மறிப்பார்கள், மற்ற அணி அடிபடாமல் கோடுகளைத் தாண்டிப் போக வேண்டும். மறிக்கிற அணியின் தலையாள்தான் கிளி, அது நடுக்கோட்டிலும் ஓடி அடிக்கும். மட்டை, பந்து, சப்பாத்து ஒன்றும் வேண்டாம். எல்லாரும் வெறுங்காலோடு ஆடினால் யாரிடம் சப்பாத்து இல்லை என்பது தெரியவே தெரியாது. (போத்தல் ஓடுகளை முதலே பொறுக்கிவிடுங்கள். வளவை விட்டுப் புதுக் காணிக்குப் போவதென்றால், அங்கே கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேட்காமல் பற்றையில் கத்தி வைக்க வேண்டாம்.) பெரியவன் பலமாக ஓடி வருவான், மாட்டுவான். அந்த ஒன்பது வயசு குனிந்து இடுக்கால் போய்விடும். அன்றைக்கு அதன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள் பாருங்கள், அதற்காக அது மழையிலும் வரும்.

முடிந்ததும் பத்து நிமிடம் வட்டமாக இருத்துங்கள். ‘இன்றைக்கு யாரை ஒருத்தரும் கூப்பிடவில்லை?’ என்று மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு கிழமை சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீட்டுக் கதையைத் தோண்டக் கூடாது. தானாக ஒரு பிள்ளை அடி, துன்புறுத்தல் என்று சொன்னால் அதை வட்டத்தில் வைத்து விசாரிக்காமல், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமோ 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்திலோ சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகள் ஏன் வராமல் நின்றார்கள்? ஒருமுறை தாய்மார் கூட்டத்தில் இலங்கை அணிக்கு ஆடிய வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி நான் நீளமாகப் பேசினேன். மரியாதையாகக் கேட்டிருந்துவிட்டு ஒரு அம்மா, ‘சரி தம்பி, எத்தனை மணிக்கு விடுவீங்கள்?’ என்றார். நேரம்தான் விஷயம். நாலு மணிக்குத் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும். திடலில் ஒரு பெரிய பெண் எப்போதும் இருக்க வேண்டும், பூட்டுப் போடக்கூடிய கழிப்பறை வேண்டும். ரியூசன் இல்லாத இரண்டு நாளைத் தெரிவு செய்யுங்கள். அந்த இரண்டு நாளை மாற்றவே கூடாது. வீட்டில் அடிக்கடி ஏதாவது குலைந்துபோகிற பிள்ளைக்கு, குறித்த நேரத்தில் குறித்த ஆள் அங்கே நிற்கிறார் என்பதே பாதி உதவி.

அப்புறம் மாமாவின் காசு. ஊரில் இருபது வயது மட்டில் ஒரு பெண், ஒரு பெடியன், இரண்டு பேரைப் பிடித்து ஒரு வருடத்துக்கு மாதக் கொடுப்பனவு கொடுங்கள். மிச்சத்தில் ஆட்டத்துக்கு முன் கடலையோ பணிஸோ, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, கோடு போடச் சுண்ணாம்புத் தூள். மொத்தமாக அனுப்பாமல் மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். மாமா படம் கேட்பார், கட்டாயம் கேட்பார். பிள்ளைகள் வருமுன், கோடு போட்ட திடலைப் படம் எடுத்து அனுப்புங்கள்.