பில்ட் ஹோம் டைரக்டரியில் எழுதுகிறது: எங்கே திருத்த வேண்டும்?

கேள்வி: டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்துக்காக நான் உருவாக்கும் பொதி (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பு) என் கணினியில் சிக்கலின்றி பில்ட் ஆகிறது, அதாவது மூலநிரலிலிருந்து உருவாகிறது. பில்ட் சர்வரிலோ, ஹோம் டைரக்டரியில் (பயனரின் சொந்தக் கோப்புறையில்) கோப்புறை உருவாக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. அங்கே ஒரு ஹோம் டைரக்டரி அமைத்துத் தரும்படி கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம், சர்வர் சரியாகவே நடந்துகொள்கிறது. மூலநிரல் விரிக்கப்பட்ட அடைவுக்கு (கோப்புறைக்கு) வெளியே, தற்காலிகக் கோப்புகளுக்கான இடங்களையும் உருவான பொதி வைக்கப்படும் மேலடைவையும் தவிர வேறெங்கும் பில்ட் எழுத முயலக் கூடாது என்பது டெபியன் கொள்கையின் 4.9ஆம் பிரிவு. அதனால்தான் பில்ட் சர்வர்களில் ஹோம் என்னும் சூழல் மாறி (ஹோம் டைரக்டரி எங்கே என்று நிரல்களுக்குச் சொல்லும் மதிப்பு), உண்மையில் இல்லாத ஒரு பாதையைச் சுட்டுகிறது. நிக்ஸ் என்னும் பொதி மேலாண்மை அமைப்பும் இவ்வாறே செய்கிறது. எழுதுவதைக் காட்டிலும் வாசிப்பதே பெரிய ஆபத்து என்பது என் கருத்து: உங்கள் ஹோம் டைரக்டரியில் கிடக்கும் பழைய அமைப்புக் கோப்போ கேஷோ (மறுபயன்பாட்டுக்குச் சேமித்து வைத்த தரவோ) பில்டுக்குள் நுழைந்தால், அதே மூலநிரல் வேறொருவர் கணினியில் வேறு விளைவைத் தரும்.

முதலில், உங்கள் கணினியிலும் ஹோம் மாறியை இல்லாத பாதைக்கு மாற்றிப் பிழையை வரவழையுங்கள். எந்தக் கருவி எழுத முயல்கிறது என்பது பிழைச் செய்தியில் தெரியாவிட்டால், நிரல் இயங்குதளத்திடம் கேட்பவற்றைப் பதிவுசெய்யும் எஸ்ட்ரேஸ் கருவியை, துணைச் செயல்களையும் பின்தொடரும்படி ஓட்டிப் பாருங்கள்.

எழுதுவது கேஷ் மட்டுமே என்றால், அந்தக் கருவிக்கே உரிய மாறியைப் பில்ட் அடைவுக்குள் திருப்புவது நல்லது. கோ மொழிக்கும், கார்கோ, கிரேடில் என்னும் பில்ட் கருவிகளுக்கும் அத்தகைய மாறிகள் உள்ளன. சோதனைகள்தாம் எழுதுகின்றன என்றால் தற்காலிக ஹோம் டைரக்டரி ஒன்றே போதும். டெபியன் பொதிகளை உருவாக்க உதவும் டெப்ஹெல்பர் கருவித் தொகுப்பின் 13ஆம் இணக்க நிலை (பொதி தேர்ந்தெடுக்கும் நடத்தைப் பதிப்பு) அதைத் தானாகவே அமைத்துத் தருவதால், பழைய நிலையில் இருக்கும் பொதியை அதற்கு உயர்த்துவதே பல நேரங்களில் தீர்வாகிவிடுகிறது. ஜாவாவில் மட்டும் எச்சரிக்கை தேவை: லினக்ஸில் அது பொதுவாக ஹோம் மாறியைப் பார்ப்பதில்லை, பயனர் கணக்குப் பதிவிலிருந்தே பாதையை எடுத்துக்கொள்கிறது, எனவே மேவன் போன்ற ஜாவா பில்ட் கருவிகளுக்கு 'யூசர் டாட் ஹோம்' பண்பைத் தனியே கொடுக்க வேண்டும்.

நிறுவும் கட்டத்தில் ஹோம் டைரக்டரிக்குள் கோப்பு வைக்கப்படுகிறதென்றால், அது மாறியால் மறைக்கக் கூடாத உண்மையான பிழை. தற்காலிக ஹோம் கொடுத்தால் பில்ட் வெற்றி பெறும். ஆனால் அந்தக் கோப்பு பொதிக்குள் வராமலே போய்விடும். அதற்கு நிறுவல் விதியையே திருத்தி, அந்தத் திருத்தத்தை மூல ஆசிரியர்களுக்கும் அனுப்புங்கள்.