கோமாளி மீனுக்கு வெள்ளைப் புள்ளி

கேள்வி: புதிய கடல்நீர்த் தொட்டி, மூன்று வாரம்தான் ஆகிறது. கோமாளி மீன்மேல் தூள் உப்பு தூவினாற்போல் புள்ளிகள், பாறையில் உரசுகிறது, மூச்சு வாங்குகிறது. காப்பர் மருந்து ஊற்றலாமா?

பதில்: அந்தத் தொட்டியில் வேண்டவே வேண்டாம், இறாலும் பவளமும் செத்துவிடும், பாறையும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் நீரில் அமோனியாவை (மீன் கழிவிலிருந்து சேரும் நச்சு) சோதியுங்கள். புதுத் தொட்டியில் மூச்சிரைப்புக்கு அதுவும் காரணமாகலாம், இருந்தால் உடனே கொஞ்சம் நீர் மாற்றுங்கள். புள்ளி பெரும்பாலும் கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணிதான். எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே காப்பர் கொடுங்கள், தினமும் டெஸ்ட் கிட்டில் அளவு பார்த்து. புள்ளி இரண்டு நாளில் மறைந்தால் ஏமாந்துவிடாதீர்கள், ஒட்டுண்ணி மணலில் விழுந்து பெருகிக்கொண்டிருக்கும், அதனால் மீன் முதலில் இருந்த தொட்டி பத்து வாரமாவது மீனில்லாமல் கிடக்கட்டும். அப்புறம், புள்ளிக்குப் பதில் சளிப்படலம் உரிந்தால் அது புரூக்லினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணி, காப்பருக்கு மசியாது, அதற்கு மருந்து ஃபார்மலின்தான்.