டார்க் பெல்ஜியன் ஏல்: நீங்க கேட்டது, நான் சொன்னது

இங்கிலாந்துல இருந்தப்ப வீட்டுலயே பெல்ஜியன் டார்க் ஸ்ட்ராங் ஏல்ங்கற கருப்பான, பலமான பீர் காய்ச்சிட்டு இருந்தேன், இப்ப அடையார் வாசம், காய்ச்சறது இல்ல, ஆனா பேச சொன்னா விடிய விடிய பேசுவேன். கேட்டவங்கள்ல பாதி பேர் சென்னை, பாதி பேர் வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க.

வேளச்சேரி தம்பி: அண்ணா, மொட்டை மாடி ரூம்ல ஒரு பக்கெட் வச்சு ஆரம்பிச்சா என்ன ஆகும்?

போலீஸ் வரும். 1937ல வந்த மதுவிலக்கு சட்டம்தான் தமிழ்நாட்டுல இன்னும் இருக்கு, லைசென்ஸ் இல்லாம தயாரிக்கறது குற்றம், நான் குடிக்கத்தானேன்னு சொன்னாலும் எடுபடாது. பிரிட்டன்ல வீட்டுல காய்ச்ச லைசென்ஸ் வேணும்ங்கறத 1963லயே எடுத்துட்டாங்க, அமெரிக்கால 1978ல சட்டம் மாத்தினாங்க. கீழ சொல்றது எல்லாம் அந்த மாதிரி ஊர்ல இருக்கறவங்களுக்கு. நீ படிச்சு வச்சுக்கோ, போற இடத்துல உதவும்.

லீட்ஸ்ல படிக்கற மயிலாப்பூர் பையன்: நல்லா கருப்பா வரணும், ரோஸ்டட் மால்ட் (முளைகட்டி, கருக வறுத்த பார்லி) எவ்வளவு போடட்டும்?

போடாதப்பா. எல்லாரும் இங்கதான் சறுக்கறாங்க. ரோஸ்டட் மால்ட் போட்டா காபி வாசனை வந்து ஸ்டவுட்ங்கற வேற வகை கருப்பு பீர் பக்கம் போயிடும், இதுல வர வேண்டியது உலர் திராட்சை, அத்திப்பழம், பேரீச்சை, லேசா கிராம்பு. கலரும் அந்த பழ வாசனையும் பெரும்பாலும் டார்க் கேண்டி சிரப்ல (கருக்கின சர்க்கரைப் பாகு) இருந்து வரும், மிச்சம் நொதிக்க வைக்கற ஈஸ்ட் பாத்துக்கும். 20 லிட்டருக்கு மொத்தம் 7 கிலோ மால்ட், அதுல முக்கால்வாசிக்கு மேல சாதா பில்ஸ்னர் மால்ட், கொஞ்சம் மியூனிக் மால்ட், ஒரு 200 கிராம் ஸ்பெஷல் பிங்கற கருப்பு மால்ட், அப்புறம் 1 கிலோ சிரப், இவ்வளவுதான். ஒரிஜினல் கிராவிட்டி, அதாவது நொதிக்கறதுக்கு முன்னாடி இருக்கற அடர்த்தி, 1.085 பக்கம் வரும், 1.012க்கு இறங்கினா வித்தியாசத்தை 131ஆல பெருக்கிக்கோ, ஒன்பதரை சதவீதம் ஆல்கஹால். பீருக்கு கசப்பு தர்ற ஹாப்ஸ் பூ பத்தி ரொம்ப யோசிக்காத, ஸ்டிரியன் கோல்டிங்ஸ் வகை கசப்புக்கு மட்டும் போதும்.

கொளத்தூர் அக்கா: தம்பி நியூஜெர்சில காய்ச்சறான், இங்கேருந்து கருப்பட்டி அனுப்பவா? அவ்வளவு சர்க்கரை போட்டா இனிச்சுத் தொலையாதா?

இனிக்காது அக்கா, அதுதான் இதுல வேடிக்கை. மால்ட்ல ஈஸ்ட்டால சாப்பிட முடியாத சர்க்கரை கொஞ்சம் மிஞ்சும், அதுதான் வாய்ல கனமா நிக்கறது. சர்க்கரையும் வெல்லமும் கிட்டத்தட்ட முழுசா கரைஞ்சு ஆல்கஹாலாயிடும், அதனால பீர் வலுவா இருக்கும், ஆனா மந்தமா இருக்காது. அதே பலத்தை மால்ட்லயே கொண்டு வந்தா ரெண்டாவது கிளாஸ் இறங்காது. கருப்பட்டி தாராளமா அனுப்புங்க, ஆனா சிரப்புக்கு பதிலா முழுசா அதையே போட வேணாம்னு சொல்லுங்க, 200 கிராமுக்கு மேல போனா பீரை அமுக்கிடும். பதநீர் இறக்கற கலயத்துல சுண்ணாம்பு தடவறாங்க இல்லையா, அந்த கசடும் தூசியும் இருக்கும், வெந்நீர்ல கரைச்சு தெளிய வச்சு வடிகட்டி, கொதி முடியற கடைசி பத்து நிமிஷத்துல ஊத்தணும். சர்க்கரை கலந்த போலி கருப்பட்டின்னா தபால் செலவுதான் தண்டம்.

துபாய்ல இருக்கற பெரம்பூர்காரர் ஒருத்தரும் காய்ச்சலாமான்னு கேட்டிருக்கார். அங்கயும் சட்டம் பாத்துட்டு பேசுங்க சார்.

வடபழனியில இருந்து: வெயில்ல ஈஸ்ட் வேகமா வேலை செய்யுமே, அப்புறம் நொதிக்கறப்ப எதுக்கு ஃப்ரிட்ஜ்ல வைக்கறாங்க?

வேகமா செய்யும், கூடவே ஃப்யூசல் ஆல்கஹால்ங்கற காட்டமான ஆல்கஹாலையும் செய்யும், குடிச்சா தொண்டையில தின்னர் ஊத்தின மாதிரி. முதல் ரெண்டு மூணு நாள்ல ஈஸ்ட் பெருகற நேரம்தான் முக்கியம், அப்ப 18லேருந்து 20 டிகிரிக்குள்ள வச்சிருந்து, பாதி வேலை முடிஞ்சதும் மெதுவா 24, 25 வரைக்கும் ஏற விடணும், கடைசி சர்க்கரையை முடிக்க அந்த சூடு வேணும். நம்மூர் மே மாசத்துல வெளியவே 38, பீருக்குள்ள அதைவிட அஞ்சாறு டிகிரி கூட இருக்கும், ஈஸ்ட் தானே சூடு கிளப்பும்.

டொரண்டோ, சொந்த ஊர் தாம்பரம்: கிராவிட்டி 1.030ல நின்னுபோச்சு சார், பத்து நாளா அசையல.

முதல்ல எதுல அளந்தீங்க? ஒளி வளையறதை வச்சு அளக்கற ரிஃப்ராக்டோமீட்டர்னா ஆல்கஹால் வந்தப்புறம் தப்பாதான் காட்டும், மிதக்க விட்டு அளக்கற ஹைட்ரோமீட்டர்ல பாருங்க, பாதி பேருக்கு பிரச்சனை அங்கயே தீர்ந்துடும். நிஜமாவே நின்னிருந்தா அனேகமா ஈஸ்ட் கம்மியா போட்டிருப்பீங்க, 20 லிட்டர் 1.085க்கு சுமார் 30,000 கோடி செல் வேணும், ஒரு பாக்கெட் லிக்விட் ஈஸ்ட்ல அது கிடையாது, முன்னாடியே கொஞ்சம் மால்ட் கரைசல்ல ஈஸ்ட்டைப் பெருக்கி ஸ்டார்டர் போடணும், உலர் ஈஸ்ட்னா ரெண்டு பாக்கெட். போடறப்ப நல்லா குலுக்கி காத்து ஏத்தினீங்களா? இப்ப காத்து ஏத்தாதீங்க, அட்டைப்பெட்டி வாசனை வந்துடும். சூட்டை 25க்கு ஏத்தி, அடியில தூங்கற ஈஸ்ட்டை மெல்ல சுழட்டி எழுப்பி விடுங்க, அதுக்கும் மசியலன்னா, வேற ஒரு சின்ன பாட்டில்ல நுரை கிளப்பிட்டு இருக்கற ஈஸ்ட்டை ஊத்துங்க. சும்மா பாக்கெட்டை பிரிச்சு தூவினா அந்த ஆல்கஹாலைப் பாத்ததுமே செத்துடும்.

இந்த நிலைமையில மட்டும் பாட்டில்ல அடைச்சுடாதீங்க, மிச்ச சர்க்கரை உள்ள நொதிச்சு கண்ணாடி வெடிக்கும், கண்ணு போயிடும். ரீடிங் நாலஞ்சு நாள் அசையாம, 1.015 பக்கம் இறங்கினப்புறம், கனமான பெல்ஜியன் பாட்டில்ல, 20 லிட்டருக்கு 140 கிராம் சர்க்கரையும் புதுசா கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து அடைங்க.

அண்ணாநகர்: எதுக்குங்க இந்த பீரை இவ்வளவு ஸ்ட்ராங்கா பண்ணாங்க பெல்ஜியம் மடத்து சாமியாருங்க?

சாமியாரை மட்டும் சொல்லாதீங்க. 1919ல பெல்ஜியத்துல பார்கள்ல ஜின் மாதிரி சரக்கு விக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, கிக் தேடினவங்களுக்கு பீரை பலமாக்கினாங்க, அந்த சட்டம் 1983 வரைக்கும் இருந்துச்சு. மடத்து பீர்கள்ல ரோஷ்ஃபோர்ட் 10ல ஆல்கஹால் 11.3 சதவீதம், வெஸ்ட்வ்லெட்டரன் 12ல 10.2. மடத்துக்குள்ள துறவிகள் மேற்பார்வையில காய்ச்சினாதான் ட்ராப்பிஸ்ட்ங்கற துறவி சபையோட முத்திரை. செயின்ட் பெர்னார்டஸ்ங்கற கம்பெனி 1946லேருந்து 1992 வரைக்கும் வெஸ்ட்வ்லெட்டரன் மடத்துக்காகவே லைசென்ஸ்ல காய்ச்சினவங்க, ஆனா முத்திரை கிடையாது. எனக்கு அவங்க அப்ட் 12 பீர் எந்த விதத்துலயும் குறைச்சல் இல்ல.

மறுபடி வேளச்சேரி தம்பி: சரிண்ணா, வெளிநாடு போனா வாங்கியாவது குடிக்கறேன், ஐஸ் போடலாமா?

போட்டா என்கிட்ட சொல்லாத. ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து ஒரு அரை மணி வெளிய வை, 12 டிகிரி பக்கம் வரட்டும், அகலமான கிளாஸ்ல ஊத்து, அடியில இருக்கற வண்டலை பாட்டில்லயே விட்டுடு. மட்டன் சுக்கா கூட வச்சுக்கோ.